வைரத்துக்கு ஒரு பொட்டு

நானூறு என்ற எண்ணைப் பார்த்தாலே ஜெரூஷாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். பதினான்கு மாதமாகக் கணினித் திரையின் மூலையில் அதுதான் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, இன்னொரு நாள் நானூற்றுப் பத்து, ஏ.சி. மக்கர் செய்தால் நானூற்று நாற்பது. கெஞ்சியாயிற்று, திட்டியாயிற்று. லேசரை மாற்றினாள், கம்பிகளை மாற்றினாள், மேசைக்கு அடியில் ரப்பர் கட்டைகளை வைத்தாள். எண் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த எண் என்னவென்று சொல்லிவிட வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் கடப்பேரிப் பக்கம், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் ஆய்வு மையத்தின் தரைத்தளத்தில் ஜெரூஷா வைரத்தை வைத்துக் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தாள். வைரம் என்றதும் யாரும் மூக்குத்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மிளகு அளவுக்கு, வெளிறிய ரோஜா நிறத்தில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த வைரம். அதற்குள்ளே அணுக்கள் வரிசையாக நிற்கவேண்டிய இடத்தில் அங்கங்கே ஒரு நைட்ரஜனும் பக்கத்தில் ஒரு காலியிடமுமாகக் குறை வைத்திருக்கிறார்கள். பச்சை லேசரையும் மைக்ரோ அலையையும் சேர்த்துச் செலுத்தினால் அந்தக் குறைகள் சிவப்பாக ஒளிரும். காந்தப்புலம் கொஞ்சம் மாறினால் அந்தச் சிவப்பும் ஒரு துளி மாறும். எத்தனை சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையக் கருவிக்குக் காது கூர்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது மனித இதயத்தை. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் ஒரு சிறு காந்தப்புலத்தை வெளியே விடுகிறது. பூமியின் காந்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். உடம்பில் எதையும் ஒட்டாமல், சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் அதைக் கேட்டுவிடலாம் என்பதுதான் திட்டம். அதற்கு எண் இருநூறுக்குக் கீழே வரவேண்டும்.

இதயம் கேட்காவிட்டாலும் ரயில் நன்றாகக் கேட்டது. சானடோரியம் நிலையத்திலிருந்து மின்சார ரயில் கிளம்பி வேகமெடுக்கும் போதெல்லாம் திரையில் ஓடும் கோடு ஒரு மேடாக எழும்பி அடங்கும். செங்கல்பட்டு வண்டிக்கு அகலமான மேடு, பீச் வண்டிக்குக் கூரான மேடு. கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்லும் அளவுக்கு ஜெரூஷாவுக்கு அவை பழகிவிட்டன. பழகிய அளவுக்கு வெறுத்தும் விட்டன. நகரத்தில் எத்தனையோ மூலை இருக்க, இதயத்தைக் கேட்கும் கருவியை ரயிலடியில் கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யார் என்று அவள் கேட்காத நாள் இல்லை.

புண்ணியவான் வேறு யாருமில்லை, பேராசிரியர் ஷ்யாம்சுந்தர்தான். திட்டத்தின் தலைவர், வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறவர், ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நாற்காலியில் உட்காராதவர். ஜெரூஷா அவரிடம் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். நாற்பது வயதில் இன்னமும் அவளுக்கு 'ஆராய்ச்சி உதவியாளர்' என்றுதான் பெயர். இந்த டிசம்பர் கடைசியோடு அதுவும் முடிகிறது. அக்டோபர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. இருநூறைக் காட்டினால் இன்னும் மூன்று வருஷம். காட்டாவிட்டால் கருவிகளைப் பெட்டியில் கட்டி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடைசி நம்பிக்கையாக ஒரு லென்ஸ் வந்திருந்தது. வைரம் சிந்துகிற சிவப்பு வெளிச்சத்தில் முக்கால்வாசி சும்மா பக்கவாட்டில் போய்விடுகிறது. அதையும் பிடித்துக் கொடுத்தால் வெளிச்சம் நாலு மடங்கு, எண் பாதி. கணக்கு அப்படித்தான் சொன்னது. கணக்கு எப்போதும் நல்லதாகத்தான் சொல்லும்.

லென்ஸைப் பொருத்த, வைரம் இருக்கும் சென்சாரின் தலைப்பகுதியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது.

ஆய்வகத்தில் பூஜைக்குப் பொறுப்பு கனகவல்லி. பெருங்களத்தூரிலிருந்து வந்து மூன்று தளத்தையும் பெருக்கித் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பது வயதுக்காரி. பூஜைக்கு முதல் நாளே ஒட்டடை அடித்து, அன்று காலையில் அலைக்காட்டி முதல் ஆணிப்பெட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு துண்டு பூவும் செருகிவிடுவாள். ஜெரூஷா ஞாயிறு தவறாமல் சேலையூரில் சர்ச்சுக்குப் போகிறவள். பூஜை அன்று எப்போதும் ஓரமாக நின்று பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வாள். ஒரு பொட்டு வேண்டாம் என்று சொன்னால்கூட அது வேறு விதமாகப் போய்விடும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கூச்சம். பதினொரு வருஷத்தில் அவள் எந்தப் பொட்டையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தக் காலையில் அவள் போனில் இருந்தாள். எதிர்முனையில் ஏ.சி. மெக்கானிக் சக்திவேல்.

"பல்லாவரம் பாலத்தாண்ட வந்துட்டேன் மேடம். இதோ பத்து நிமிஷம்."

"இதையேதான் திங்கக்கிழமையும் சொன்னீங்க சக்திவேல். மூணு நாளா அந்தப் பாலத்துலயே இருக்கீங்களா?"

அந்த நேரத்தில்தான் கனகவல்லி கையில் குங்குமக் கிண்ணத்தோடு எதையோ சுட்டிக்காட்டி, வைக்கட்டுமா என்று மெல்லக் கேட்டாள். ஜெரூஷா திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினாள். சக்திவேல் மேல் இருந்த எரிச்சலில் கொஞ்சம் பலமாகவே ஆட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை லென்ஸைப் பொருத்தினாள். லேசருக்காகப் போடும் ஆரஞ்சு நிறக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, வைரத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே தெளிவான பசையைத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். பச்சை லேசரைப் போட்டதும் வெளிச்ச அளவு ஏறியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலைத் தாண்டியது. பின்னால் நின்றிருந்த ஷ்யாம்சுந்தர் சார் கைதட்டினார்.

"எண்ணைப் பாரும்மா, எண்ணைப் பாரு!"

நூற்றுத் தொண்ணூறு.

தலைப்பகுதியில் எதை மாற்றினாலும் தெரிந்த அளவுக் காந்தம் ஒன்றைக் காட்டிக் கருவியைச் சோதித்துவிட்டுத்தான் எண்ணை நம்பவேண்டும். அளவுகோல் சரிதானா என்று பார்த்துவிட்டு அளப்பது மாதிரி. அதற்கு அரை நாள் ஆகும். சார் ஐந்து மணிக்குள் குழுவுக்கு மெயில் போடத் துடித்துக்கொண்டிருந்தார். ஜெரூஷாவுக்கோ இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆகஸ்டில் செய்த சோதனையின் கோப்பு அப்படியே இருந்தது. அதையே போட்டு எண்ணை எடுத்துக் கொடுத்தாள். மெயில் நாலே முக்காலுக்குப் போயிற்று. சார் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையிலிருந்து எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். ஜெரூஷாவுக்குச் சந்தோஷத்தைவிட அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை இதயத்தைக் கேட்கப் பார்த்தார்கள். உட்கார எப்போதும் கனகவல்லிதான். அவளால் மட்டும்தான் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முடியும். இரும்பு எதுவும் மேலே இருக்கக்கூடாது. தாலிக்கயிற்றில் கோத்திருந்த நாலு ஊக்கையும் கழற்றித் தட்டில் போட்டாள். இதற்கென்றே ஆய்வகத்தில் வைத்திருந்த, கொக்கி இல்லாத பருத்தி நைட்டிக்கு மாறி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தாள். விரலில் ஒரு கிளிப். துடிப்பு எப்போது வருகிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு துடிப்பின்போதும் சென்சார் கேட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் இரைச்சல் எல்லாம் தேய்ந்து இதயம் மட்டும் மேலே வரும். நூற்றுத் தொண்ணூறுக்கு ஒரு மணி நேரம் போதும்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மூவாயிரத்துச் சொச்சம் துடிப்பை அடுக்கியாயிற்று. கோடு படுத்தே கிடந்தது.

"இன்னா மேடம், வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"ஒரு மணி நேரமா கல்லு மாறி குந்திகினு கீறேன். எனக்கு இதயமே இல்லியா, இன்னா சொல்லுது அது?"

ஜெரூஷா சிரித்தாள். அப்போது சானடோரியம் பக்கமிருந்து ஹாரன் சத்தம். பழக்க தோஷத்தில் மேட்டுக்காகத் திரையைப் பார்த்தாள். மேடு வந்தது. ஆனால் குட்டியாக வந்தது. பன்னிரண்டு பெட்டி செங்கல்பட்டு வண்டி, வழக்கமான உயரத்தில் கால்வாசிகூட இல்லை.

இரைச்சல் குறைந்து காது கூர்மையானால் ரயில் அதே உயரத்தில், இன்னும் தெளிவாக அல்லவா தெரியவேண்டும்? ரயிலும் சேர்ந்து குறைகிறது என்றால் ஆய்வகம் அமைதியாகவில்லை. கருவிக்குக் காது கேட்கவில்லை.

லேசரை அணைத்தாள். தலைப்பகுதியைத் திறந்தாள். ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தாள். லென்ஸுக்கு அடியில் பசை தெளிவாக இல்லை. இளஞ்சிவப்பாக இருந்தது. வைரத்தின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிவப்புத் துகள் கரைந்துகொண்டிருந்தது. ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தால் சிவப்பு தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இங்க ஏதாவது வெச்சீங்களா?"

கனகவல்லி நைட்டியோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அத்தா? பூஜையன்னிக்கு வெச்ச பொட்டு மேடம். எல்லாத்துக்கும் வெச்சிட்டு வைரத்துக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? நெருப்புக்குச்சி மொனையால துளியூண்டு தொட்டு வெச்சேன். உங்கள கேட்டேனே, நீங்கதான் தலையாட்னீங்க."

"எங்க வாங்கினது?"

"பல்லாவரம் வெள்ளிக்கிழம சந்தைல. நல்ல கலரு மேடம், வேர்த்தாகூட போவாது."

போகாதுதான். மலிவுக் குங்குமத்தில் துணிக்குப் போடுகிற சாயத்தைக் கலந்து விற்கிறவர்கள் உண்டு. பச்சை வெளிச்சத்தைக் கண்டால் சிவப்பாக ஒளிரும் சாயம். வைரம் ஒளிர்வதைவிட மூன்று பங்கு அதிகமாக அதுதான் ஒளிர்ந்திருக்கிறது. அதற்குக் காந்தமும் தெரியாது, இதயமும் தெரியாது. சும்மா பிரகாசமாக எரிந்திருக்கிறது. வெளிச்சம் கூடியதும் கணக்கு தானாக எண்ணைக் குறைத்துக் காட்டிவிட்டது. அரை நாள் செலவழித்துச் சோதித்திருந்தால் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும். ஜெரூஷாவுக்குக் கனகவல்லி மேல் கோபம் வரவில்லை. தன் மேல் வந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பு வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷ்யாம்சுந்தர் சார் மாலை நாலு மணிக்கு வந்து, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் அவரும் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே ஜெரூஷாவுக்குப் பயமாக இருந்தது.

"மெயில் போட்டாச்சேம்மா. அவங்க டெல்லிக்கே சொல்லிட்டாங்க."

"தெரியும் சார்."

"இப்போ கிளீன் பண்ணிட்டா?"

"திரும்ப நானூறுதான். லென்ஸால கொஞ்சம் கொறையலாம்."

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அப்படியே விட்டுடு. லேசர் பட்டுப் பட்டு அந்தச் சாயம் தானா வெளுத்துடும். ரெண்டு மூணு வாரம். அதுக்குள்ள எக்ஸ்டென்ஷன் ஆர்டர் கைக்கு வந்துடும். அப்புறம் பொறுமையா நெஜமாவே எறக்கிடலாம். பொய் சொல்லுன்னு சொல்லல. யாரும் கேக்காததச் சொல்ல வேண்டாங்கறேன்."

ஜெரூஷா ஆரஞ்சுக் கண்ணாடியை மடித்து உறையில் வைத்தாள்.

"சொல்றதா இருந்தா யார் கை வெச்சதுன்னு ரிப்போர்ட் எழுதணும். கான்ட்ராக்டர் மறுநாளே கனகவல்லிய நிறுத்திடுவான். அதையும் யோசிச்சுக்க."

அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் உழைத்து, கடைசி ஏழு மாதத்தில் கையில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர். அவள் பயமும் அதே பயம்தான். அதனால்தான் அவர் சொன்னது அவ்வளவு நியாயமாகக் கேட்டது.

சுரங்கப்பாதையைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு சேலையூர் போகிற வழியெல்லாம் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். நினைத்தாள் என்ன, முடிவே செய்துவிட்டாள். சிறுசேரியிலிருந்து ஏழரைக்கு வந்து சேர்ந்த கணவன் வில்பிரட், "என்ன, உங்க நூத்தித் தொண்ணூறு எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கு," என்று சொன்னாள். பொய் என்றே தோன்றவில்லை, அத்தனை சுலபமாக வந்தது. மூன்று வருஷச் சம்பளம், பழகிய மேசை, பழகிய திரை. நாற்பது வயதுக்காரியை வேறு எந்த ஆய்வகம் எடுக்கும்? யாருக்கு என்ன நஷ்டம்?

தோசைக்கு மாவு ஊற்றும்போது கனகவல்லியின் குரல் காதில் விழுந்தது. எனக்கு இதயமே இல்லியா?

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் உயிரோடு, மூச்சுவிட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்து அந்தக் கருவி இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதைத்தான் நன்றாக வேலை செய்கிறது என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாளைக்கு இதையே பார்த்து இன்னொருவர் இன்னொன்று செய்வார். அது ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே உட்காருகிறவர் வேடிக்கையாகக் கேட்கமாட்டார். ஜெரூஷாவுக்கு வெட்கமாக இருந்தது. தோசை கருகியது.

புதன்கிழமை எட்டு மணிக்கே ஆய்வகத்துக்கு வந்தாள். பஞ்சை எரிசாராயத்தில் நனைத்து வைரத்தைத் துடைத்தாள். ஆறு முறை துடைத்த பிறகுதான் பஞ்சு வெள்ளையாக வந்தது. புதிதாகப் பசை தடவி லென்ஸை வைத்தாள். அரை நாள் பிடிக்கும் சோதனையை இந்த முறை முழு நாளும் செய்தாள். முந்நூற்று எழுபது. பதினான்கு மாதத்துக்கு லென்ஸ் கொடுத்த கூலி முப்பது. மூன்றரை மணிச் செங்கல்பட்டு வண்டி திரையில் தன் பழைய உயரத்துக்கு எழும்பி நின்றது. சனியன், வந்துவிட்டது என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

பிறகு குறிப்பேட்டை எடுத்து அக்டோபர் ஒன்றாம் தேதிப் பக்கத்தில் எழுதினாள்: "திறந்திருந்த சென்சார் தலையில் ஆயுத பூஜைக் குங்குமம் பட்டது. கேட்டபோது சம்மதித்தது நான். பிறகு சோதிக்காமல் பழைய கோப்பைப் போட்டதும் நான். நூற்றுத் தொண்ணூறு தவறு." கீழே கையெழுத்துப் போட்டாள்.

சாருக்கு போன் செய்தாள். துடைத்ததையும் எழுதியதையும் சொன்னாள். "சரிம்மா," என்றார் கடைசியில். "நான் அன்னிக்கு உன்ன அவசரப்படுத்தியிருக்கக் கூடாது."

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவி ஹில்டா, பெங்களூரிலிருந்து காலை விமானத்தில் வந்திறங்கியவர். ஜெரூஷா முதல் ஸ்லைடிலேயே முந்நூற்று எழுபது என்று போட்டாள். நூற்றுத் தொண்ணூறு எப்படி வந்தது என்றும் சொன்னாள். குங்குமம் என்றதும் ஓர் உறுப்பினர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹில்டா சிரிக்கவில்லை. குறிப்பேட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"குங்குமத்த வெச்சது யாரு?"

"நான் சரின்னு சொன்னேன் மேடம்."

"நான் கேட்டது அது இல்ல. வெச்ச கை யாரோடது?"

"ஹெட் திறந்திருந்தப்ப அதுக்குப் பொறுப்பு நான் மேடம். வேற யார் பேரும் எழுதறதுக்கு இல்ல."

ஹில்டா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. ஆய்வாளரின் நேர்மையைக் குழு பாராட்டுகிறது என்று ஒரு பத்தி. திட்டத்தை நீட்டிக்க இயலவில்லை என்று இன்னொரு பத்தி. பாராட்டுப் பத்தி ஒரு வரி நீளமாகவே இருந்தது, அதைக் குறை சொல்வதற்கில்லை. டிசம்பர் முப்பத்தொன்றோடு கணக்குத் தீர்ந்தது. ஜனவரியில் கருவிகளை ஏற்றிப்போக லாரி வரும்.

கனகவல்லிக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. ஒரு நாள் துடைப்பத்தை வாசலிலேயே சாத்திவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"என்னாலதான மேடம் இம்மாம் பேஜாரு? நல்லது நடக்கட்டும்னு வேண்டிகினுதான் வெச்சேன்."

"நீங்க கேட்டுட்டுதானக்கா வெச்சீங்க. திரும்பிப் பாக்காம தலையாட்டினது நான்."

"அப்ப எம் பேர ஏன் எழுதல?"

"கேட்டவங்க பேர எதுக்கு எழுதணும்?"

கனகவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, லாரி வர்ற வரிக்கும் இது ஓடும்தான? நான் சாப்பாட்டு நேரத்துல வந்து குந்துறேன். எனக்கு இதயம் கீதா இல்லியான்னு பாக்காம உடமாட்டேன்."

ஜெரூஷாவுக்கு வேறு வேலையும் இல்லை. முந்நூற்று எழுபதுக்கு ஒரு மணி நேரம் போதாது, இரண்டும் போதாது. ஆனால் தினம் ஒரு மணி நேரமாக அடுக்கிக்கொண்டே போகலாம். அவசரப்படுத்த யாரும் இல்லை. நவம்பர் கடைசியில் தொடங்கினார்கள். மதியம் ஒரு மணிக்குக் கனகவல்லி ஊக்குகளைத் தட்டில் போட்டுவிட்டு நைட்டியில் வந்து அமர்வாள். வெளியே மழை கொட்டும். முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்றுவிட்டது என்று யாராவது சொல்லிக்கொண்டு போவார்கள். ரயில் வரும், மேடு எழும், அடங்கும். இருவரும் பேசமாட்டார்கள். பேசினால் உடம்பு அசையும். ஜெரூஷா காலையில் ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவாள். அந்த அரை நாள் இப்போது அவளுக்குப் பாரமாக இல்லை.

ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் ஏதோ இருப்பதுபோல் இருந்தது. ஜெரூஷா நம்பவில்லை. இந்த வருஷம் நம்பியதெல்லாம் போதும்.

பதின்மூன்றாம் நாள், நாற்பத்தாறாயிரம் துடிப்பு சேர்ந்தபோது, கோட்டின் நடுவில் ஒரு சின்ன முள் நின்றது. விரல் கிளிப் சொல்லும் நேரத்துக்குச் சற்று முன்னால், எங்கே இருக்கவேண்டுமோ அங்கே. கிளிப்பின் நேரத்தை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கிப் பார்த்தாள். முள் மறைந்தது. சரியான நேரத்தை வைத்து அடுக்கினாள். திரும்ப வந்தது.

"அக்கா, எழுந்து வாங்க."

கனகவல்லி வந்து திரைக்குக் கிட்டே குனிந்தாள். "எங்க?"

"இதோ. இதான் உங்க இதயம்."

"இம்மாந்துண்டா?"

"எல்லாருக்கும் இவ்ளோதான்க்கா."

கனகவல்லி திரையைத் தொடப்போய்க் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "தொடல மேடம், தொடல," என்றாள். ஜெரூஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் கையைப் பிடித்து அவளே திரையில் அந்த முள்ளின் மேல் வைத்தாள்.

மெயில் போட யாரும் இல்லை. ஆர்டர் மாறப்போவதில்லை, லாரி நிற்கப்போவதும் இல்லை. கனகவல்லி ஊக்குகளைத் திரும்பக் கோத்துக்கொண்டு இரண்டாம் தளத்தைத் துடைக்கப் போனாள். ஜெரூஷா குறிப்பேட்டைப் பிரித்து, அன்றைய தேதியைப் போட்டு, அக்டோபர் பக்கத்தில் எழுதாமல் விட்ட பெயரை முழுதாக எழுதினாள்.

"கனகவல்லி. பதின்மூன்று நாள். இதயம் இருக்கிறது."